ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குதா? பழைய இன்னோவா வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

காலை எட்டரை மணி. மயிலாப்பூர் லஸ் கார்னர் சிக்னல். பின் சீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பக்கத்து சீட்டில் கோயில் வாசலில் இறங்க வேண்டிய அம்மா. டாஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவருக்கு முன்னால் ஒரு உருண்டை. அதுதான் படம். எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூணு மாசம் இருக்கும், ஆறு மாசமாகவும் இருக்கலாம்.

தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டால் பல நேரம் கிடைக்கும் பதில் இதுதான்: ‘அது ஒண்ணும் இல்ல சார், சும்மா சென்சார் லைட்டு. வண்டி ஓடுதுல்ல?’

வண்டி ஓடும். சிக்கலே அதுதான். இன்ஜினில் கோளாறு என்றால் வண்டி திணறும். பிரேக்கில் கோளாறு என்றால் கால் உணரும். ஏர்பேக்கில் கோளாறு இருந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, விபத்து நடக்கும் அந்த ஒரு நொடி வரைக்கும். அதற்கு முன்பாக நமக்குச் சொல்லக்கூடியது அந்த ஒரு லைட் மட்டும்தான்.

டிஎன் 06, டிஎன் 07 நம்பரில் பத்து, பதினைந்து வருடமாக ஓடும் இன்னோவா, சைலோ, எர்டிகா என்று குடும்ப வண்டிகள் தென் சென்னைத் தெருக்களில் ஏராளம். அந்த லைட் ஏன் எரிகிறது, என்ன செய்யணும், என்ன செய்யவே கூடாது? வரிசையாகப் பார்ப்போம்.

லைட் என்ன சொல்கிறது?

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் ஏர்பேக் லைட் எரிய வேண்டும். டொயோட்டா வண்டிகளில் சுமார் 6 வினாடி எரிந்துவிட்டு அணையும். மற்ற நிறுவன வண்டிகளிலும் ஏறத்தாழ இதே கணக்குதான். அந்தச் சில வினாடிகளில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னையும், ஸ்டீயரிங்கில் உள்ள ஏர்பேக், பக்கத்து சீட் ஏர்பேக், சென்சார்கள், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவி என எல்லா இணைப்புகளையும் சோதித்துக்கொள்கிறது. எல்லாம் சரி என்றால் லைட் அணையும்.

இதில் மூன்று நிலைகள் உண்டு.

- எரிந்து, சில வினாடியில் அணைந்தால்: சிஸ்டம் தனக்குத் தெரிந்த வரையில் சரியாக இருக்கிறது.
- அணையாமல் எரிந்தாலோ, ஓடும்போது திடீரென எரிந்தாலோ, கண் சிமிட்டினாலோ: எங்கோ கோளாறு.
- சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால்: இதுதான் ரொம்ப ஆபத்து. பல்பு போயிருக்கலாம், இல்லை யாரோ கழற்றியிருக்கலாம்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ‘லைட் எரியல, அப்போ நல்லாத்தானே இருக்கு’ என்று நினைத்துவிடுகிறோம். பல்பைக் கழற்றிவிட்டால் டாஷ்போர்டு சுத்தமாகத் தெரியும். அதனால் ஏர்பேக் சரியாகிவிடாது.

லைட் எரிந்தால் ஏர்பேக் வேலை செய்யாதா?

‘வேலை செய்யும் என்று நம்ப முடியாது’ என்பதே சரியான பதில். கோளாறு எந்த இணைப்பில் என்பதைப் பொறுத்து, ஒரு ஏர்பேக் மட்டும் விரியாமல் போகலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுது என்றால் மொத்தமும் விரியாமல் போகலாம். அபூர்வமாக, தேவையில்லாத நேரத்தில் விரியவும் வாய்ப்பு உண்டு. சீட் பெல்ட்டை மோதல் நேரத்தில் இறுக்கும் கருவியும் பல வண்டிகளில் இதே சிஸ்டத்தில்தான் இருக்கிறது. ஆக, பெல்ட்டின் பாதுகாப்பும் கொஞ்சம் குறையலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? முன்பக்க ஏர்பேக்குகள் 1987 முதல் 2017 வரை அமெரிக்காவில் மட்டும் 50,457 பேரின் உயிரைக் காப்பாற்றியிருப்பதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. மோதல் தொடங்கி ஏர்பேக் முழுசாக விரிய ஆகும் நேரம் ஒரு வினாடியில் 20-ல் ஒரு பங்குக்கும் குறைவு. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஒயர் ஒத்துழைக்காவிட்டால், இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

முதலில், உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கா?

இதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தியாவில் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனதே 2019 ஜூலை 1 முதல்தான். பக்கத்து சீட் ஏர்பேக் புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலில் கட்டாயமானது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அதற்கு முன் வந்த வண்டிகளில் விலை கூடிய வேரியன்ட் என்றால் ஏர்பேக் இருக்கும், குறைந்த வேரியன்டில் இல்லாமலும் போகும்.

ஸ்டீயரிங்கின் நடுவிலும், பக்கத்து சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டிலும் ‘ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கே பொறித்திருக்கிறதோ அங்கே ஏர்பேக் இருக்கிறது. எங்குமே இல்லை என்றால் லைட்டும் இருக்காது. அந்த வண்டியில் உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு சீட் பெல்ட் மட்டும்தான்.

இன்னோவாவுக்கு ஒரு பழைய கதை: 2014 ரீகால்

பழைய இன்னோவாவில் ஏர்பேக் லைட் எரிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘ரீகால் வேலை முடிஞ்சுதா?’ என்பதுதான்.

2014 ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைப் பல்வேறு கோளாறுகளுக்காகத் திரும்ப அழைத்தது. அதில் இந்தியாவின் பங்கு 44,989 இன்னோவாக்கள். 2005 பிப்ரவரி முதல் 2008 டிசம்பர் வரை தயாரானவை. காரணம், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஸ்பைரல் கேபிள்.

அது என்ன கேபிள்? ஸ்டீயரிங் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் நடுவில் இருக்கும் ஏர்பேக்குக்கோ மின் இணைப்பு அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கணும். சாதாரண ஒயர் என்றால் நாலு திருப்பத்தில் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அதனால் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வைத்த ஒரு தட்டையான ரிப்பன் கேபிளை வைக்கிறார்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திரும்பினால் தளரும். மெக்கானிக்குகள் இதை ‘கிளாக் ஸ்பிரிங்’ என்று சொல்வார்கள்.

இந்தக் கேபிள் தேய்ந்து அறுந்தால் லைட் எரியும். ஓட்டுநர் ஏர்பேக் விரியாமல் போகலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் இருக்கு. ஏர்பேக் லைட்டோடு சேர்ந்து ஹாரனும் அடிக்கவில்லையா? அல்லது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஹாரன் விட்டு விட்டு அடிக்கிறதா? ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்கள் வேலை செய்யலையா? அப்படியென்றால் சந்தேகம் முதலில் இந்தக் கேபிள் மேல்தான். இந்த மூன்றுமே அதன் வழியாகத்தான் போகின்றன.

அந்தக் காலகட்டத்து இன்னோவாவை இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள், ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ரீகால் வேலை நடந்ததா என்பதை அவர்கள் பதிவில் பார்த்துச் சொல்ல முடியும். ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும். வண்டி கை மாறியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சென்னைக்கே உரிய காரணங்கள்

எல்லா லைட்டுக்கும் கேபிள்தான் காரணம் என்றில்லை. நம்ம ஊர் நிலைமைக்கு வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன.

வெள்ளத் தண்ணீர்: ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் லிவருக்குக் கீழே, தரையோடு ஒட்டித்தான் பொருத்தப்பட்டிருக்கும். முன் சீட்டுகளுக்கு அடியிலும் மஞ்சள் நிற இணைப்பான்கள் இருக்கும். சீட் உயரம் வரை கூட வேண்டாம், கால் மிதியடி முங்கினாலே போதும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்ற வண்டிகளில் எத்தனையோ சுத்தம் செய்து திரும்ப ஓடுகின்றன. இன்ஜின் சரியாகியிருக்கும். ஆனால் இணைப்பான்களில் பிடித்த துரு மெதுவாக வேலை காட்டும், ஒரு வருடம் கழித்துக்கூட.

கடல் காற்று: சாந்தோம், பெசன்ட் நகர், அடையாறு பகுதிகளில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் மின் இணைப்புகளில் பச்சை பூப்பது சகஜம். ஏர்பேக் சுற்று மிகச் சின்ன மின்தடை மாற்றத்தைக்கூடக் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளும்.

எலி: மயிலாப்பூர் மாடவீதிச் சந்துகளில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியின் ஒயரை எலி விட்டுவைக்காது. முன்பக்க மோதல் சென்சாருக்குப் போகும் ஒயர் கடிபட்டாலும் லைட் எரியும்.

வெளியில் போட்ட அயிட்டங்கள்: ஜி.பி. ரோட்டில் புது ஸ்டீரியோ, சீட் கவர், ஸ்டீயரிங் கவர் எல்லாம் போட்ட மறுநாள் லைட் வந்ததா? சீட்டைக் கழற்றி மாட்டியபோது மஞ்சள் இணைப்பான் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஸ்டீரியோவுக்காக ஒயரை வெட்டி ஒட்டியபோது தவறு நடந்திருக்கலாம். சீட்டுக்கு அடியில் தள்ளிய தண்ணீர் பாட்டில், குடை கூட அந்த ஒயரை இழுத்துவிடும்.

பலவீனமான பேட்டரி: இதைப் பலரும் யோசிப்பதில்லை. பேட்டரி வோல்டேஜ் ரொம்பக் குறைந்தாலும் சில வண்டிகளில் லைட் எரியும். பேட்டரிக்கு வயதாகிவிட்டால் முதலில் அதைச் சோதியுங்கள். குறைந்த செலவில் முடிகிற விஷயமாகவும் இருக்கலாம்.

வீட்டிலேயே என்ன பார்க்கலாம்? எதைத் தொடக் கூடாது?

பார்க்கலாம்: சாவி போட்டதும் லைட் எத்தனை வினாடி எரிகிறது, எப்போது எரிகிறது, மேடு பள்ளத்தில் மட்டும் வருகிறதா, சீட்டை நகர்த்தினால் வருகிறதா, ஹாரன் வேலை செய்கிறதா. இவற்றை மொபைலில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு, மெக்கானிக் முன்னால் வராமலேயே போய்விடும். அப்போது வீடியோ கைகொடுக்கும்.

தொடக் கூடாது: மஞ்சள் நிற ஒயர், மஞ்சள் நிற இணைப்பான் எதையும். அந்த நிறமே ‘இது ஏர்பேக் இணைப்பு, எச்சரிக்கை’ என்பதற்குத்தான். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது அதைப் பிடுங்கினால் புதிதாக ஒரு கோளாறு பதிவாகும். மல்டிமீட்டர் வைத்து ஏர்பேக்கை அளந்து பார்ப்பது அதைவிட மோசம். மீட்டரிலிருந்து போகும் சின்ன மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். யூடியூப் வீடியோ பார்த்து ஸ்டீயரிங்கைக் கழற்றுவது வேண்டவே வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். உடனே இல்லாமல் போகாது. விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 90 வினாடி காத்திருந்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று டொயோட்டாவின் சர்வீஸ் கையேடு சொல்கிறது. உங்கள் மெக்கானிக் இந்த 90 வினாடி காத்திருக்கிறாரா என்று பாருங்கள். காத்திருந்தால் விஷயம் தெரிந்தவர். அவசரமாக ஸ்பேனரை எடுத்தால், ‘அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க’ என்று நீங்களே சொல்லலாம்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: ‘ஏர்பேக் சிஸ்டத்தோட கோடைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கா?’

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் கோடைப் படிக்க அதற்கான வசதி உள்ள ஸ்கேனர் தேவை. ‘ஸ்கேன் பண்ணிட்டேன், ஒண்ணும் காட்டலை’ என்று யாராவது சொன்னால், எந்த சிஸ்டத்தை ஸ்கேன் செய்தார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது: ‘என்ன கோடு வந்துச்சு? எழுதிக் கொடுங்க.’ உதாரணமாக டொயோட்டா வண்டியில் பி1801 என்று வந்தால், ஓட்டுநர் பக்க ஏர்பேக் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கோடு என்பது தெருப் பெயர் மாதிரி. வீட்டு எண்ணைச் சொல்லாது. அறுந்தது ஸ்பைரல் கேபிளா, இணைப்பானா, ஏர்பேக்கா என்பதை மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். கோடைப் பார்த்த மறுநிமிடமே ‘கண்ட்ரோல் யூனிட் போச்சு, மாத்தணும்’ என்று சொன்னால், இன்னொரு இடத்தில் காட்டுவது நல்லது.

மூன்றாவது: செலவு வரிசை. இணைப்பானைச் சுத்தம் செய்து மாட்டுவது என்றால் பெரும்பாலும் கூலி மட்டும்தான். ஸ்பைரல் கேபிள் என்றால் பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். கட்டுப்பாட்டுப் பெட்டியோ ஏர்பேக்கோ என்றால் அதைவிடக் கூடும். செலவு குறைந்ததைச் சோதித்து முடித்துவிட்டு, பிறகு கூடியதுக்குப் போகச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டில் பாகத்தின் எண், பாகத்தின் விலை, கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்.

நான்காவது: ஸ்பைரல் கேபிளை மாற்றும்போது முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், கேபிளைச் சரியாக நடுநிலையில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். கோணலாக மாட்டினால், முதல் முறை ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போதே புதுக் கேபிளும் அறுந்துவிடும். ஸ்டீயரிங் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும் லைட் வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழுது சரியான பிறகும் சில வண்டிகளில் லைட் தானாக அணையாது. பதிவான கோடை ஸ்கேனரில் அழிக்க வேண்டும். ஆனால் பழுதைச் சரிசெய்யாமல் கோடை மட்டும் அழித்தால் அது திரும்ப வரும். அதனால் பணம் கொடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ரவுண்டு ஓட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, வண்டியை நிறுத்தி, மறுபடி சாவி போட்டு லைட் எரிந்து அணைகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

‘லைட்டை அணைச்சுத் தர்றேன்’ என்பவர்களிடம் ஜாக்கிரதை

லைட்டை அணைப்பதற்கு நேர்வழி ஒன்றுதான்: கோளாறைச் சரி செய்வது. குறுக்குவழிகள் சில உண்டு. பல்பைக் கழற்றிவிடுவது. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பாகத்தை வைத்து, ‘ஏர்பேக் இருக்கு’ என்று கட்டுப்பாட்டுப் பெட்டியை நம்ப வைப்பது. இரண்டாவது வகையில் லைட் அழகாக எரிந்து அழகாக அணையும். உள்ளே ஏர்பேக்கே இருக்காது. விபத்துக்குள்ளான வண்டியை மலிவாக வாங்கி, சரிசெய்து விற்கும்போது இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலைதான். பின்னால் அந்த வண்டியில் ஏறுகிற குடும்பத்துக்கு இது தெரியவே தெரியாது.

பழைய பாகம் வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஏர்பேக், ஸ்பைரல் கேபிள், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றையும் அப்படி வாங்காதீர்கள். அந்த ஏர்பேக் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று பார்வையில் சொல்ல முடியாது. போலிப் பிரச்சினையும் இருக்கு. 2024 பிப்ரவரியில் டெல்லி போலீஸ், பல நிறுவனங்களின் பெயரில் தயாரான 900-க்கும் மேற்பட்ட போலி ஏர்பேக்குகளைப் பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம்.

லைட் அணைந்திருந்தால் முழு நிம்மதியா?

இல்லை. இதற்கு உலகமே அறிந்த உதாரணம், ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகள். அவற்றில் இருந்த அமோனியம் நைட்ரேட் வேதிப்பொருள், வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டுச் சிதைந்தது. விபத்து நேரத்தில் உலோக உறையே வெடித்துச் சிதறியது. 2014-ல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணி இப்படி உயிரிழந்தார். இந்தக் கோளாறுக்கு டாஷ்போர்டில் எந்த லைட்டும் எரியாது. மின் இணைப்பு சரியாக இருக்கும், பழுது வேதிப்பொருளில்தான்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர் என்றால் சென்னையை விட்டுவிட முடியுமா? இந்தியாவிலும் இதற்காக ரீகால்கள் நடந்தன. ஹோண்டா மட்டும் 2017 ஜனவரியில் 41,580 கார்களைத் திரும்ப அழைத்தது. அதனால் எந்த நிறுவனத்தின் பழைய காராக இருந்தாலும், லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும், சேசிஸ் நம்பரை வைத்து ஒருமுறை ரீகால் சோதித்துவிடுங்கள். பல நிறுவனங்களின் இணையதளத்திலேயே இந்த வசதி இருக்கு.

பழைய வண்டி வாங்கப் போறீங்களா? இந்த ஒரு நிமிடச் சோதனை

1. இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஏர்பேக் லைட் எரிகிறதா? சில வினாடியில் தானாக அணைகிறதா?
2. லைட் எரியவே இல்லை என்றாலோ, இன்ஜின் ஆயில் லைட் போன்ற வேறொரு லைட்டோடு ஒட்டிக்கொண்டு எரிந்து அணைந்தாலோ, சந்தேகப்படுங்கள்.
3. ஸ்டீயரிங் நடு மூடி, பக்கத்து சீட் டாஷ்போர்டு மூடி இரண்டிலும் நிறம் மாறியிருக்கா, விளிம்பில் பசை, வெட்டுத் தடம் இருக்கா என்று பாருங்கள்.
4. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். திடீரென இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்பதும் முக்கியம்.
5. பேரம் படிவதற்கு முன் ஏர்பேக் ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டலாமா?

பாகம் வர நாலு நாள் ஆகும், அதுவரை என்ன செய்வது? ஓட்டாமல் இருந்தால் நல்லது. முடியாது என்றால் பக்கத்துத் தெருப் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருப்பதி, வேளாங்கண்ணி, திருவண்ணாமலை என்று குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

எந்தப் பயணமானாலும் எல்லோரும் சீட் பெல்ட் போட வேண்டும், பின் சீட்டில் இருப்பவர்களும்தான். ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை. பெல்ட்டுக்குப் பதில் கிடையாது.

ஏர்பேக் நன்றாக வேலை செய்யும் வண்டியிலும் நாம் செய்யும் சில தவறுகள் உயிரைப் பறிக்கும்.

- குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது. 2024-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையும், 2025 ஜூலையில் திருப்போரூர் அருகே முன் சீட்டில் தந்தை மடியில் இருந்த ஏழு வயதுச் சிறுவனும் ஏர்பேக் விரிந்த வேகத்தில் உயிரிழந்தார்கள். பிள்ளைகளுக்குப் பின் சீட்தான்.
- டாஷ்போர்டில் ஏர்பேக் மூடியின் மேல் சாமி சிலை ஒட்டுவது. பிள்ளையாரை நடுவில், ஏர்பேக் மூடியை விட்டுத் தள்ளி வையுங்கள். மூடி திறக்கும் வேகத்தில் அந்தச் சிலை முகத்தை நோக்கித்தான் பாயும்.
- ஸ்டீயரிங்கோடு நெஞ்சு ஒட்டுகிற மாதிரி உட்கார்வது. நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.
- முன்னால் இரும்பு பம்பர் போடுவது. மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தை அது மாற்றிவிடும். இத்தகைய பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா? புகார் செய்ய முடியுமா?

வயதான வண்டியில் தானாக வரும் மின் கோளாறுக்கு வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் பணம் தராது. விபத்தில் ஏர்பேக் விரிந்து, அதை மாற்றினால் கிடைக்கும். ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கு: ஏர்பேக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மீதிப் பாதி உங்கள் கையிலிருந்துதான். ‘ஜீரோ டெப்’ கூடுதல் பாலிசி இருந்தால் இந்தக் கழிப்பு இல்லை, ஆனால் பழைய வண்டிகளுக்கு அது கிடைப்பது கஷ்டம்.

தயாரிப்புக் கோளாறு என்றால், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் மூலம் மத்திய அரசுக்கு வந்திருக்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஆனால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்த விதி. அதாவது, 2010 மாடல் இன்னோவாவுக்கு இந்த வழி இல்லை.

நுகர்வோர் சட்டம் தனி. ஏர்பேக் விரியாத ஒரு வழக்கில் கார் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மோதல் வேகத்தைக் கணக்குப் போட்டு நிரூபிக்கும் இயற்பியல் நிபுணராக வாடிக்கையாளர் இருக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். ஒர்க்‌ஷாப் ஏமாற்றியிருந்தாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆரம்பக் கட்டப் புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எதற்கும் அடிப்படை, காகிதம். ‘ஏர்பேக் லைட் எரிகிறது’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கோடு, மாற்றிய பாகத்தின் எண், பில், மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லில் நடந்த வேலைக்கு எங்கேயும் சாட்சி கிடையாது.

சுருக்கமாகச் சொன்னால்...

லைட் எரிந்தால் முதலில் பேட்டரியையும் ஹாரனையும் பாருங்கள். சேசிஸ் நம்பரை வைத்து ரீகால் கேளுங்கள். ஏர்பேக் கோடைப் படிக்கத் தெரிந்த இடத்துக்குப் போங்கள். மஞ்சள் ஒயரைத் தொடாதீர்கள். லைட்டை மட்டும் அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், ஆறு வரை எண்ணுங்கள். அந்தச் சிவப்பு லைட் எரிந்ததா, அணைந்ததா? பதில் ‘ஆமாம்’ என்றால் கிளம்புங்கள். ‘இல்லை’ என்றால், அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் போடுங்கள்.